கனகாம்பரம் வெடித்த கொல்லை

சின்னமனூரில் அம்மாச்சி வீட்டுக் கொல்லையைப் பார்த்து யாரும் அதைத் தோட்டம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டின் பின்சுவருக்கும் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டத்துக்கும் நடுவில் கோணலாகக் கிடந்த ஒரு துண்டு மண், அவ்வளவுதான். ஒரு கோடியில் கட்டில் போடலாம். மறுகோடியில் ஆள் திரும்ப முடியாது. வடக்கே ஒரு முருங்கை. தெற்கே தாத்தா காலத்தில் இடிந்து விழுந்த சுவரை அள்ளிக் கொட்டாமல் அப்படியே பரப்பிவிட்டிருந்தார்கள். அங்கே எங்கு கொத்தினாலும் செங்கல் சில்லும் சுண்ணாம்புக் காரையும்தான் மண்வெட்டியில் இடறும். நடுவில் அங்கணத்துத் தண்ணீர் ஓடிவரும் கால். அதைக் கிளறிக்கொண்டே இருக்கும் கோழிகள். வேலிக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு எந்நேரமும் தயாராக நிற்கும் பக்கத்து வீட்டு வெள்ளாடு. இத்தனைக்கும் நடுவில் அம்மாச்சி பூ வளர்த்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் தலையில் இருந்த பூவில் பெரும்பங்கு அந்தக் கோணல் மண்ணில் பூத்ததுதான்.

அப்போது தேனி தனி மாவட்டம் இல்லை. 1996-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இன்று திராட்சையும் ஏலக்காயும் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அது நெல். 1895-ல் பென்னிகுயிக்கின் அணை முடிந்து பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்கியது. கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை இருபோகம் விளையும் 14,707 ஏக்கருக்கு அந்தத் தண்ணீர்தான் உயிர். ஜூன் பிறந்தால் தண்ணீர் திறந்தாச்சா என்பதுதான் திண்ணைப் பேச்சு. பூவைப் பற்றி ஆண்கள் பேசி நான் கேட்டதில்லை. வயலில் ஒரு குழியைப் பூவுக்கு ஒதுக்கச் சொன்னால் தாத்தா சிரித்திருப்பார். எனவே பூ கொல்லைக்கு வந்தது, பெண்கள் கைக்கு வந்தது. முல்லையாறு கூப்பிடு தூரத்தில் ஓடினாலும் கொல்லைக்கு அதனால் பயன் இல்லை. வீட்டுக் கிணறு சவர்த்தண்ணி. செடிக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும். ஆகவே பாத்திரம் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், பிள்ளைகளைக் குளிப்பாட்டிய தண்ணீர் என எல்லாமே அந்தக் கால் வழியாகப் பூச்செடிக்குத்தான் போகும். சோப்புத் தண்ணீருக்கு மட்டும் அம்மாச்சி ஒரு ஓட்டுத்துண்டைப் போட்டு வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.

தண்ணீரையாவது சமாளிக்கலாம், காற்றை என்ன செய்வது? கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற ஊருக்கு ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து காற்று இறங்கும். கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மிச்சச் சாரலோடு மலை தாண்டி வரும் காற்று. ஆடியில் கதவைத் தாழ் போடாமல் இருக்க முடியாது. கொடியில் காயும் துணி மூன்றாம் வீட்டில் கிடக்கும். இன்று ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுவதும் அந்தக் காற்றுதான். அன்று எங்களுக்கு அது செவ்வந்தி நாற்றை ஒடித்துப் போட மட்டுமே வந்தது. ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு பருத்திமாரை ஊன்றி, ஊறவைத்த வாழைநாரால் தளர்வாகக் கட்டுவது பள்ளி விட்டு வந்ததும் என் வேலை. இறுக்கிக் கட்டினால் திட்டு விழும். "கழுத்த நெறிக்காதடி, ஆடுறதுக்கு எடம் விடு."

அம்மாச்சி எந்தப் புத்தகமும் படித்தவள் இல்லை. ஆனால் அந்தக் கொல்லையின் ஒவ்வொரு குறைக்கும் பொருந்தும் பூ எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பல செடிகளைச் சாகவும் கொடுத்திருந்தாள். வெள்ளாடு நின்ற பக்கம் அரளி. ஆடு அதை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அரளி முழுக்க நஞ்சு. பூ பறித்துவிட்டுக் கையைக் கழுவாமல் வாயில் வைக்கக்கூடாது என்று எங்களைப் பிடித்துப் பிடித்துக் கை கழுவ வைப்பாள். இப்போது நான்குவழிச் சாலைகளின் நடுவில் அரளியை வைத்திருப்பதைப் பார்க்கும்போது, மாடு மேயாத செடி என்பதை நெடுஞ்சாலைக்காரர்களுக்கு முன்பே அவள் அறிந்திருந்தாள் என்று தோன்றும். அந்தச் சிவப்பு அரளி சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு மாலையாகப் போகும். அம்மை கண்டு தேறிய வீடுகளிலிருந்து தீச்சட்டி எடுக்கப் போகிறவர்கள் முந்தின நாளே வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். கோயில் கம்பத்துக்கு ஆற்றுத் தண்ணீர் ஊற்றப் போகிற பெண்கள் போகிற போக்கில் ஒரு கை பறித்துக்கொள்வார்கள். அதற்கு யாரும் காசு கேட்டதில்லை, கொடுத்ததும் இல்லை.

சுண்ணாம்பு மண் பக்கம்தான் அவளை வெகுகாலம் அழவைத்தது. அங்கே பன்னீர் ரோஜா வைத்துப் பார்த்தாள். செடி பிடிக்கும், துளிர் வரும், பிறகு இலை வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சள். யாரோ சொன்னார்கள் என்று துருப்பிடித்த ஆணிகளையும் லாடத்தையும் வேரடியில் புதைத்தாள். பயன் இல்லை. பின்னாளில் வேளாண்மை படித்த ஒரு தோழி காரணத்தைச் சொன்னாள். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் அதை உறிஞ்ச முடியாது. எத்தனை ஆணி புதைத்தாலும் அது மண்ணிலேயே முடங்கிவிடும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளித்திருந்தால் ரோஜா பிழைத்திருக்கும். நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் பொருள்தான். அம்மாச்சிக்கு யாரும் சொல்லவில்லை. ரோஜாவைக் கைவிட்டு அங்கே வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் அந்திமந்தாரையையும் விதைத்தாள். அவை காரையை லட்சியம் செய்யவில்லை. அந்திமந்தாரை மாலை நாலு மணிக்கு விரியும். கடிகாரம் இல்லாத எங்கள் வீட்டில் பால்காரர் வரும் நேரத்தை அது சொன்னது. ஒரே செடியில் ஒரு பூ வெள்ளை, ஒரு பூ ரோஸ், ஒரு பூவில் இரண்டும் தெளித்திருக்கும்.

முருங்கை நிழலில் கனகாம்பரம். அரைநிழலைத் தாங்கிப் பூக்கிற செடி அது. மற்ற எல்லாப் பூவையும்விட எங்கள் வீட்டில் அதுதான் அதிகம். கதிர் கதிராக நிற்கும். ஒவ்வொரு கதிரிலும் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று பூவாக விரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலாம். பறிக்க மறந்தாலும் பூ கோபித்துக்கொள்ளாது, இரண்டு நாள் செடியிலேயே காத்திருக்கும். மல்லிக்கு அந்தப் பொறுமை கிடையாது. பறித்த கனகாம்பரத்தைக் கையில் அள்ளினால் எடையே தெரியாது. தராசில் நிறுத்தால் ஒரு கூடைப் பூவும் ஒன்றுமில்லை என்றாகிவிடும். சந்தையில் அதன் கிலோ விலை மலைக்க வைப்பது அதனால்தான். அதற்கு வாசம் இல்லை என்று அம்மா குறை சொல்வாள். அம்மாச்சியின் தீர்ப்பு வேறு. "வாசம் வேணும்னா மல்லி வையி. ரெண்டு நாளைக்குத் தலையில நிக்கணும்னா இத வையி."

எங்களுக்கு, அதாவது பிள்ளைகளுக்கு, கனகாம்பரத்தின் அருமை பூவில் இல்லை, காயில் இருந்தது. பூ உதிர்ந்த கதிர் காய்ந்து பழுப்பானதும் அதன் இடுக்குகளில் சின்னக் காய்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நாலு விதை. நன்றாக முற்றிய காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் சற்று நேரம் சும்மா கிடக்கும். அந்தச் சற்று நேரம்தான் சுகம். பிறகு 'டப்'பென்று வெடித்து விதை தெறிக்கும். முன்பெஞ்சுப் பிள்ளையின் சட்டைக்குள் எச்சில் தொட்ட காயைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள்போல் வாய்ப்பாடு சொல்வோம். வெடிக்கக் காரணம் ஈரம். காய்ந்த ஓடு நனைந்ததும் முறுக்கிக்கொண்டு பிளக்கிறது. நனைந்த மண்ணில்தானே விதைக்கு வேலை! ஐப்பசியில் முதல் மழை பெய்யும் இரவில் கொல்லையிலிருந்து வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சில விதைகள் பின்கதவில் வந்து மோதும். "வெதச்சுக்கிருது பாரு, நம்மள எதிர்பாக்கல" என்பாள் அம்மாச்சி, இருட்டில் படுத்தபடி.

அந்தக் கனகாம்பரத்துக்கும் ஒரு நோய் உண்டு. இரண்டாம் வருடம் செடி குன்றும், பூ சிறுக்கும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். அப்படியான இடத்தில் அவள் அடுத்தமுறை செண்டுப்பூதான் போடுவாள். ஒரு போகம் செண்டு, பிறகு மறுபடியும் கனகாம்பரம். ஏன் என்று கேட்டால் "எங்கம்மா அப்பிடித்தான் செய்யும்" என்பதற்கு மேல் பதில் வராது. முடிச்சுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு என்பதும், செண்டுமல்லியின் வேரில் சுரக்கும் பொருள் அந்த நூற்புழுவைக் கொல்லும் என்பதும் இன்று வேளாண் பல்கலைக்கழகத்துக் கையேடுகளில் இருக்கிறது. அவள் அம்மாவுக்கு யார் சொன்னது?

மல்லி இரண்டே செடி. கொட்டத்துச் சுவரோரம் காலை வெயில் விழும் ஒரே இடத்தில் அவற்றை வைத்திருந்தாள். கார்த்திகைத் தீபம் முடிந்ததும் தண்ணீரைக் காயப்போட்டு, முழங்கால் உயரத்துக்கு வெட்டி, அடியில் ஆட்டுப்புழுக்கையைக் கொட்டுவாள். வெட்டிய செடி பார்க்கவே பாவமாக இருக்கும். மாசியில் துளிர்த்து, பங்குனியில் மொட்டு வைத்து, சித்திரை வைகாசியில் கொட்டித் தீர்க்கும். விடியுமுன் பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு சிணுங்கிவிடும். அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்குப் பூஜடை காலம். முழுப் பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒருநாள் ஜடை தைப்பார்கள். தெரு முழுக்க மொட்டைச் சேர்த்தால்தான் ஒரு ஜடைக்குக் காணும். அதனால் இன்று உனக்கு, நாளை அவளுக்கு என்று முறை வைத்திருந்தார்கள். ராவுத்தர் வீட்டு அக்காதான் எங்கள் தெருவில் தைப்பதில் கெட்டிக்காரி. ஊசியில் மொட்டைக் கோத்து வரிவரியாக ஜடையில் வைத்துத் தைக்க மதியம் முழுக்க ஆகும். கழுத்தை அசைக்கக்கூடாது. பிறகு ஸ்டூடியோவுக்கு ஊர்வலம். முதுகுப் பக்கம் நிலைக்கண்ணாடி வைத்து, முகமும் ஜடையும் ஒருசேர விழும்படி ஒரு படம். எங்கள் பள்ளத்தாக்கில் என் வயதுப் பெண்கள் எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கும். எல்லாப் படத்திலும் முகம் உம்மென்றுதான் இருக்கும். வலி அப்படி! படத்தில் விழாத சங்கதி ஒன்று உண்டு. அன்று இரவு தைத்த மொட்டெல்லாம் ஒரே நேரத்தில் விரியும். மல்லாந்து படுக்க முடியாது. குப்புறப் படுத்தால் மூச்சு முழுக்க மல்லி. காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்போம்.

பூக் கட்ட உட்காருவது மாலை வேலை. வாழைக்குப் பெயர்போன ஊர் என்பதால் நாருக்குப் பஞ்சமில்லை. பட்டையை உரித்துக் காயவைத்து, வேண்டும்போது நனைத்து, நகத்தால் கிழித்துக்கொள்வோம். அம்மாச்சி கால் பெருவிரலில் நார் முனையை மாட்டிக்கொண்டு கட்டுவாள். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கனகாம்பரத்தின் காம்பு நூல்போல மெலிது. இழுப்பு கூடினால் அறுந்துவிடும், குறைந்தால் நழுவிவிடும். அந்தப் பதம் கைக்கு வந்த பெண்ணை எங்கள் தெருவில் பெரிய மனுஷியாகவே மதித்தார்கள். கட்டிய சரத்தை அவள் தன் கையால்தான் அளப்பாள். அவள் முழம் கடைக்காரர் முழத்தைவிட நீளம். ஈரத்துணியில் சுற்றி வாழையிலைக்குள் வைத்து மண்பானை மேல் வைத்தால் மறுநாள் வரை வாடாது.

இவ்வளவு பூவிலும் ஒன்றைக்கூட அம்மாச்சி வைத்துக்கொண்டதில்லை. தாத்தா போன பிறகு அது அவளுக்குக் கிடையாது என்று ஊர் தீர்மானித்திருந்தது. அவளும் ஒப்புக்கொண்டிருந்தாள். முழுதாக ஒப்புக்கொண்டாளா என்பது சந்தேகம். கிணற்றடி ஈரத்தில் மரிக்கொழுந்து வைத்திருந்தாள். தினமும் குளித்துவிட்டு அதில் ஒரு கொத்தைக் கிள்ளிக் கொண்டையில் செருகிக்கொள்வாள். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெரியம்மா சாடையாக ஏதோ சொன்னபோது, "இது எல தான மதினி, பூ ஒண்ணும் இல்லையே" என்று நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். பெரியம்மாவால் மறுக்க முடியவில்லை. மரிக்கொழுந்தில் மணப்பது இலைதான்.

பூவைத் தண்டோடு வெட்டலாம் என்பது எங்கள் வீட்டுக்கு ஒரு டீச்சர் மூலம்தான் தெரிந்தது. இராயப்பன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் டீச்சர் அவர். ஒருநாள் என்னோடு வீட்டுக்கு வந்து, மாதா கோயில் பீடத்தில் வைக்கக் கோழிக்கொண்டையும் செண்டுப்பூவும் முழ நீளத் தண்டோடு வேண்டும் என்று கேட்டார். அம்மாச்சி திகைத்துவிட்டாள். அவர் போன பிறகு என்னிடம், "டீச்சரம்மா பூவக் கேக்குறாகளா, செடியவே கேக்குறாகளா?" என்றாள். பூவை மொட்டோடும் காம்போடும் கிள்ளிப் பழகிய கைக்குத் தண்டை வெட்டுவது மரத்தை வெட்டுவதாகப் பட்டது. எங்கள் ஊரில் பூ என்றால் தலைக்கும் சாமிக்கும் மாலைக்கும்தான். தண்ணீர் ஜாடியில் நிற்கவைத்துப் பார்ப்பதற்கு என்று ஒரு பூவை யாரும் நினைத்ததில்லை. இப்போதும் தமிழ்நாட்டில் பூ விவசாயம் என்றால் பெரும்பாலும் உதிரிப்பூதான். ஓசூரிலும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கூடாரம் போட்டு வளர்ப்பதைத்தான் கொய்மலர் என்கிறார்கள்.

மாட்டேன் என்று டீச்சரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை விடியலில் அரிவாள்மனையைக் கொண்டுபோய் வெட்டினாள். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி சாய்வாக வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் போட்டு, தண்ணீருக்குள் மூழ்கும் இலையை எல்லாம் உருவினோம். அந்த இலை அழுகினால் தண்ணீர் நாறும், பூ சீக்கிரம் தலை தொங்கும். வெட்டிய செண்டுச்செடியைப் பார்த்து அம்மாச்சி இரண்டு நாள் வருத்தப்பட்டாள். அப்புறம் வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் துளிர் வந்தது, இரண்டும் மொட்டு வைத்தன. அதன் பிறகு நாற்று முழங்கை உயரம் வந்ததும் தானாகவே கொழுந்தைக் கிள்ள ஆரம்பித்துவிட்டாள். அந்த வருடம் செண்டு புதராகச் சடைத்துக்கொண்டு பூத்தது. டீச்சர் பதிலுக்குச் சம்பங்கிக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தண்டை வெட்டி வீட்டிலேயே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்தோம். கீழ் மொட்டிலிருந்து தினம் இரண்டாக விரிந்து வாரம் வரை நின்றது. "செத்ததுகூடத் தெரியாமப் பூக்குது" என்றாள் அம்மாச்சி. அது பாராட்டா குறையா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

செவ்வந்திக்கு வருகிறேன். ஆடிக்காற்றில் கட்டுப்போட்டுக் காப்பாற்றிய நாற்றுகள் ஐப்பசி கடைசியில் மொட்டு வைத்து, கார்த்திகை மார்கழியில் மஞ்சளாகக் கொல்லையை நிறைக்கும். ஒரு வருடம் எங்கள் பின்சந்தில் தெருவிளக்கு வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம், எங்களுக்கு இன்னும் சந்தோஷம், இரவில் கொல்லைக்குப் போக லாந்தர் வேண்டாம். அந்தக் கார்த்திகையில் விளக்குக்கு நேர் கீழே இருந்த செவ்வந்திகள் பூக்கவில்லை. நோய் இல்லை, பூச்சி இல்லை. பச்சைப் பசேலென்று இலையாக வளர்ந்துகொண்டே போயின. கொட்டத்துச் சுவரின் நிழல் விழுந்த பக்கத்துச் செடிகள் மட்டும் வழக்கம்போலப் பூத்தன. பார்ப்பதற்குப் பாத்தியின் நடுவில் கோடு கிழித்ததுபோல இருந்தது. ஊர்க்கண் பட்டுவிட்டது என்று அம்மாச்சி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

செவ்வந்தி பூப்பது இரவின் நீளத்தை வைத்து. இரவு நீண்டு, அந்த இருட்டு இடையில் கலையாமல் இருந்தால்தான் அது மொட்டு வைக்கும். விளக்கு எரிந்தால் செடிக்கு இன்னும் கோடைகாலம்தான். 1920-ல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்கர்கள் புகையிலைச் செடியை வைத்து இந்த ரகசியத்தைக் கண்டறிந்து எழுதினார்கள். ஓசூர்ப் பக்கம் சிலர் செவ்வந்தி வயலில் இரவெல்லாம் பல்பு எரியவிட்டு, வேண்டும்வரை செடியை வளரவிட்டுப் பிறகு அணைத்துப் பூக்க வைக்கிறார்கள். அதே விளக்கு எங்களுக்கு வினையாக வந்தது. அம்மாச்சிக்குக் காரணம் தெரியாவிட்டாலும் தீர்வு கிடைத்தது. அடுத்த வருடம் செவ்வந்தி முழுவதையும் சுவர் நிழலுக்கு மாற்றினாள். விளக்கடியில் கனகாம்பரம் வைத்தாள். அதற்கு இருட்டும் வெளிச்சமும் ஒன்றுதான்.

ஆவணியில் ஒரு கூட்டம் வரும். கம்பம், குமுளி வழியாகக் கேரளத்துக்குப் பூ அனுப்புகிற வியாபாரிகளின் ஆட்கள். அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாளும் அங்கே வாசலில் பூக்களம் போடுவார்கள். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் செண்டு, ஊதாவுக்கு வாடாமல்லி. தோட்டத்துப் பூ போதாமல் வீட்டுக் கொல்லைகளையும் தட்டுவார்கள். எங்கள் சுண்ணாம்பு மண்ணின் வாடாமல்லிக்குக் காசு கிடைத்தது அப்போதுதான். தரையில் கோலமாகப் போடவா இவ்வளவு பூ என்று அம்மாச்சிக்கு ஆற்றாமை. காசை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டேதான் அதைச் சொல்வாள். அந்தக் காசில் எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வந்தது.

பிறகு டெல்லிக் கனகாம்பரம் வந்தது. யார் முதலில் கொண்டுவந்தார்கள் என்று நினைவில்லை; இரண்டு மூன்று வருடத்துக்குள் எல்லா வீட்டிலும் அதுதான். பூ பெரிது, நிறம் கண்ணைப் பறிக்கும், கட்டும்போது வேகமாக முழம் ஏறும். நல்ல செடிதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. அதற்கு விதை கிடையாது. குரோமோசோம்கள் இரண்டு தொகுதிக்குப் பதிலாக மூன்று தொகுதியாக அமைந்த மலட்டுச் செடி அது. குச்சியை ஒடித்து நட்டுத்தான் பெருக்க வேண்டும். கதிர் காயும், காய் பிடிக்காது. எங்களுக்குப் பின்னால் வந்த தெருப் பிள்ளைகளுக்கு எச்சில் தொட்டு வைத்தால் வெடிக்கும் காய் என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஐப்பசி மழையிலும் கொல்லை மௌனமாகிவிட்டது. ஒரு வேர்நோய் வந்து தெருவிலிருந்த டெல்லிக் கனகாம்பரம் எல்லாம் போன வருடம், திரும்ப நட ஒரு குச்சிகூட மிஞ்சவில்லை. நாட்டுச் செடி செத்தாலும் மண்ணில் விதை கிடக்கும். குச்சிச் செடிக்கு அந்தச் சேமிப்பு இல்லை. பெரிய பூவுக்கு ஆசைப்பட்டு நாட்டுக் கனகாம்பரத்தை விட்டது எங்கள் தெருவுக்கு நஷ்டக் கணக்கு என்பதே என் கட்சி.

இப்போது சின்னமனூர்ப் பக்கம் பூ என்றால் சீலையம்பட்டி மார்க்கெட். சுற்றுவட்டாரத்து வயல்களில் செண்டும் சம்பங்கியும் பட்டன் ரோஜாவும் ஏக்கர் கணக்கில் நிற்கின்றன. தாத்தா சிரித்திருப்பார் என்று சொன்னேனே, அவர் வயலுக்கு அடுத்த வயலில் இன்று சம்பங்கி. மார்கழி தையில் மல்லி விலை கிலோ ஆயிரங்களில் ஏறும்போது செய்தித்தாளில் வருகிறது. கொல்லைகள் குறைந்துவிட்டன. இருக்கும் கொல்லைகளிலும் சிமெண்ட் தளம். அம்மாச்சி வீட்டை விற்றாயிற்று. பூ வேண்டுமென்றால் கடையில் முழம் போட்டுத் தருகிறார்கள், கடைக்காரர் முழம்தான்.

நாட்டுக் கனகாம்பரம் இன்னும் அழிந்துவிடவில்லை. பழைய வீடுகளின் கிணற்றடியிலும் சில கோயில் நந்தவனங்களிலும் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் வெயில் சரியில்லை, மண் சரியில்லை, இடம் கோணல் என்று பூச்செடி வைக்காமல் இருந்தால், அரைநிழலில் வளரும் இதில் தொடங்குங்கள். தொட்டியிலும் வரும். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கதிர் பழுப்பேறியதும் மழைக்கு முன் கதிரோடு ஒடித்துத் துணிப்பையில் கட்டிவையுங்கள். கதிரைப் பைக்குள்ளேயே நனைத்தால் காய் வெடித்து விதையைக் கொட்டும். ஆடி முதல் ஐப்பசிக்குள் மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில் மேலாக விதைத்து ஈரம் காயாமல் தெளித்துவந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். நான்கைந்து கதிரைப் பிள்ளைகளுக்கென்று செடியிலேயே விட்டுவையுங்கள். யாரிடம் விதை வாங்கினாலும் அந்த வருடத்து விதையா என்று கேட்டு வாங்குங்கள். பழையது சரியாக முளைப்பதில்லை.